டீசல் எஞ்சினில் எரிபொருட் குறைவு: காரணம் அறியும் முறை

அம்பாறை மாவட்டத்தில் இறக்காமத்தை அடுத்துள்ள வரிப்பத்தான்சேனை, நெல்வயல் சூழ்ந்த ஊர். மாசி, பங்குனி மாதங்களில் பெரும்போக அறுவடைக் காலத்தில் அங்குள்ள வட்டைகளுக்குச் செல்வோர், நாற்பது ஐம்பது ஆண்டுகள் உழைத்த மாசி பெர்குசன் உழவு இயந்திரங்கள் இன்றும் நெல்மூடைப் பெட்டிகளை இழுத்துச் செல்வதைக் காண்பர். 1960களின் நடுப்பகுதியில் வெளிவந்த 135 என்னும் வகை அவற்றுட் பேர்பெற்றது. மூன்று உருளைகளையுடைய பேர்க்கின்ஸ் எஞ்சின் பூண்டது. வானம் இருண்டு வரும் மாலையில், வெட்டிய நெல் வயலிற் கிடக்க, இவ்வியந்திரம் நடுவழியில் நின்றுவிட்டால் கமக்காரர் படும் பாடு சொல்லுந்தரமன்று. அதனினும் பெரிய இழப்பு, பிழை இன்னதென்று அறியாமல் உயரழுத்தப் பம்பியைக் கழற்றிப் பட்டணத்துக்கு அனுப்பிப் பெரும்பொருள் செலவிடுவதாகும். குற்றமோ பெரும்பாலும் ஒரு செப்பு வளையத்திலோ தாங்கியின் மூடியிலோ இருக்கும். எம் கல்லூரியின் பழைய மாணவருள் வயலும் வண்டியும் உடையோர் பலராதலின், இதனை இம்மலரில் ஆராயத் துணிந்தோம்.

ருடோல்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் 1893இல் காப்புரிமை பெற்று, 1897இல் ஒக்ஸ்பேர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறி இல்லை. உருளையினுள் காற்று மிக இறுக நெருக்கப்பட்டு 500 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறும்; அவ்வெப்பக் காற்றினுள் டீசல் நுண்துளிகளாகப் பாய்ந்து தானே எரியும். பாயவேண்டுமாயின் உட்செலுத்தியின் ஊசியைத் தள்ளித் திறக்கும் பேரழுத்தம் குழாயில் எழவேண்டும். டீசல் எளிதிற் சுருங்காது, காற்றோ சுருங்கும். குழாயிற் சிறிது காற்றுப் புகுந்தாலும் பம்பி டீசலைத் தள்ளுவதற்குப் பதிலாகக் காற்றை நெருக்குவதிலேயே தன் வலிமையை இழக்கும். ஊசி திறவாது. “எயார் பிடிச்சிட்டு, தம்பி” என்று கிழக்கிலங்கை மெக்கானிக்குகள் கூறுவதன் பொருள் இதுவே.

டீசல் செல்லும் வழியை மனத்திற் பதித்துக்கொண்டால் ஆராய்ச்சி பாதி முடிந்ததாம். தாங்கியிலிருந்து வாயடைப்பு வழியாகப் படிவுக்கிண்ணம், அதிலிருந்து சிறு ஊட்டற் பம்பி, பின் வடிகட்டி, பின் உயரழுத்தப் பம்பி, அதன்பின் உருக்குக் குழாய்கள் வழியே உட்செலுத்திகள். எஞ்சிய டீசல் மீள்குழாய் வழியே திரும்பும்.

முதலிற் புகையைப் பார்க்க. எஞ்சினைச் சுழற்றும்போது புகைபோக்கியில் எவ்விதப் புகையும் எழாவிடின் டீசல் உருளைக்கு வரவேயில்லை. வெண்புகை எழுந்தால் டீசல் வருகின்றது, எரியவில்லை, குற்றம் வேறிடத்தது. கரும்புகை கக்கி வலுவிழந்தால் அது டீசற் குறைவன்று. காற்றுக் குறைவு அல்லது டீசல் மிகை. வெறுமையாய் நிற்கையில் நன்றாய் ஓடிப் பாரம் இழுக்கையிற் சோர்ந்து நின்றால், எங்கோ வழி நெருங்கியுள்ளதென ஐயுறலாம்.

செலவில்லாச் சோதனைகள் முன்னே வரவேண்டும். எஞ்சினை நிறுத்தும் இழுகம்பி துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிட்டதா? தாங்கியின் வாயடைப்பு முழுதும் திறந்துள்ளதா? மூடியில் உள்ள காற்றுத்துளையைச் சூட்டுக்களத்து வைக்கோற்றூசி அடைத்துள்ளதா? அத்துளை அடைபட்டால் டீசல் குறையக் குறையத் தாங்கியில் வெற்றிடம் உண்டாகி ஊட்டம் தடைப்படும். எஞ்சின் நின்றவுடன் மூடியைத் திறக்க, காற்று உள்ளிழுபடும் ஓசை கேட்டால் நோய் அதுவே.

2022இல் நாடெங்கும் டீசலுக்கு நீண்ட வரிசைகள் நின்றதை எவரும் மறந்திரார். அப்போது கலன்களிலும் பீப்பாய்களிலும் டீசலைச் சேமித்தனர். தாங்கியைக் கடைசித் துளிவரை ஓடவிட்டனர். இரண்டும் பழைய எஞ்சினுக்குப் பகை. அரைகுறையாய் நிரம்பிய கலனில் இரவுக் குளிரால் நீர் படியும். டீசல் நீரினும் இலேசாதலின் நீர் அடியில் தங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்கள் பெருகிக் கரிய வழுவழுப்பான சேற்றை உண்டாக்கும். தாங்கி வற்றும்போது இச்சேறு முழுதும் வடிகட்டிக்குச் செல்லும். மண்ணெண்ணெய் கலப்போரும் உளர். உயரழுத்தப் பம்பியின் உட்பாகங்களுக்கு டீசலே மசகு என்பதை அவர் அறியார் போலும்.

இதற்கு அடுத்த ஆண்டு யாம் கண்ட இயந்திரம் ஒன்று, பெட்டி பூட்டிக் கால் மணி நேரம் ஓடியதும் நிற்கும். பத்து நிமிடம் ஆறவிட்டால் மீண்டும் ஓடும். உயரழுத்தப் பம்பி இருமுறை கழற்றப்பட்டும் பயனில்லை. தாங்கியை வடித்து நோக்கினால், வைக்கோற் சக்கை ஒன்று சேற்றுடன் மிதந்தது. டீசல் ஓடும்போது அது இழுபட்டு வாயை அடைக்கும். ஓட்டம் நின்றால் விலகிவிடும். ஆறியபின் ஓடும் எஞ்சினைக் கண்டால் தாங்கியைச் சந்தேகித்தல் நன்று.

காற்றுப் புகும் இடத்தைத் தேடுவதில் ஒரு நுட்பமுண்டு. உழவு இயந்திரத்தில் தாங்கி எஞ்சினுக்கு மேலுள்ளது. பொருத்துத் தளர்ந்தால் டீசல் வெளியே கசிந்து காட்டிக்கொடுக்கும். லொறியிலோ தாங்கி கீழுள்ளது. ஊட்டற் பம்பி டீசலை உறிஞ்சி ஏற்றுகின்றது. அவ்விடத்துத் தளர்வில் டீசல் வெளிவராது, காற்றே உட்புகும். வெளியே துளி ஈரமும் இராது. ஊட்டற் பம்பிக்கு முன் ஒளியூடுபுகும் குழாய்த்துண்டு ஒன்றைப் பொருத்தினால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியும். ஐயம் தீராவிடின், தூய டீசல் நிரப்பிய சிறு கலனொன்றை உயரத்தில் தொங்கவிட்டு நேரே ஊட்டற் பம்பிக்கு ஊட்டிப் பார்க்க. எஞ்சின் நன்றாய் ஓடினால் குற்றம் அதற்குப் பின்னால், தாங்கிப் பக்கத்தது, ஓடாவிடின் முன்னால். ஒரே சோதனையால் வழி இரண்டாகப் பகுபடும்.

ஊட்டற் பம்பியின் கைப்பிடியை அசைக்கையில் எதிர்ப்பே இல்லையாயின் பழுதென முடிவு செய்யற்க. அதனை இயக்கும் சில்லு உயர்ந்த நிலையில் நின்றிருக்கலாம். எஞ்சினை ஒரு சுற்றுத் திருப்பி மீண்டும் பார்க்க. அதன் மென்றகடு கிழிந்திருந்தால் டீசல் எஞ்சின் எண்ணெயிற் கலக்கும். அளவுகோலில் எண்ணெய் தானே ஏறியிருந்தால் அக்கணமே நிறுத்துக. நீர்த்த எண்ணெயால் அச்சுத்தண்டு தேய்ந்த எஞ்சினுக்கு ஆகும் செலவு வேறு.

காற்றகற்றும்போது வரிசை தவறலாகாது. வடிகட்டியின் மேற்றிருகாணியைத் தளர்த்தி, குமிழியற்ற டீசல் வரும்வரை கைப்பிடியை இயக்கி இறுக்குக. அடுத்து உயரழுத்தப் பம்பியின் காற்றுத் திருகாணிகளை அவ்வாறே செய்க. இறுதியில் உட்செலுத்திக் குழாய்களின் பூட்டுகளைச் சிறிது தளர்த்தி எஞ்சினைச் சுழற்றி, டீசல் துள்ளியதும் இறுக்குக. பூட்டைத் தளர்த்துகையில் முகத்தையும் கையையும் விலக்கி வைத்தல் வேண்டும். உட்செலுத்தியின் தாரை தோலைத் துளைத்து உட்செல்ல வல்லது. ஊசிமுனை அளவு காயமாயினும் தாமதியாது வைத்தியசாலை செல்க.

இவையனைத்தும் செய்தும் டீசல் வராவிடின், அப்போதுதான் உயரழுத்தப் பம்பியைக் கழற்றலாம். அதன் உட்பாகங்களின் இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில பங்கேயாதலின், வயற்கரையில் வைத்துத் திறக்கும் வேலையன்று அது. கழற்றுமுன் குழாய் வாய்களைத் தூய துணியால் மூடிக் கட்டுக. பூட்டுகையில் பழைய செப்பு வளையங்களை மீண்டும் இடற்க.