ஏற்காட்டு மூடுபனியில் டிவி திரை பத்திரம், தங்கச்சி!

சேலத்தில் டிவி வாங்கி மலை ஏற்றுகிறாயா? உனக்கு ஆயிரம் வேலை, தெரியும். இதை மட்டும் படித்துவிட்டுப் போ.

1. கடையிலேயே ஏமாறாதே. எல்.சி.டி. பழசு, எல்.ஈ.டி. புதுசு என்பார்கள். பெரும்பாலும் திரை ஒன்றுதான். பின்விளக்கு மட்டும் மாறியிருக்கும். அந்தத் திரைக்குள் இருக்கும் திரவப் படிகம் தானாக ஒளிராது. மின்சாரம் சொல்கிறபடி திரும்பி, ஜன்னல் கதவு மாதிரி பின்விளக்கு வெளிச்சத்தை விடும், அல்லது தடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

2. வண்டியில் படுக்கப் போடாதே. இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது! இரண்டு மெல்லிய கண்ணாடிக்கு நடுவே, தலைமுடிப் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில்தான் அந்தப் படிகம் இருக்கிறது. அழுத்தினால் போச்சு. நிமிர்த்தி வை, ஒரு ஆள் பிடித்துக்கொள்ளட்டும்.

3. ஈரம்தான் இங்கே முதல் எதிரி. 1,500 மீட்டர் உயரத்தில் ஜன்னலைத் திறந்தால் மூடுபனி நேரே கூடத்துக்குள் வந்துவிடும்.
• ஓதம் ஏறிய சுவரோடு ஒட்டி மாட்டாதே. பின்னால் காற்றோட்டம் வேண்டும்.
• பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வந்ததும் ஸ்விட்சைத் தட்டாதே. திரையில் ஈரம் பூத்திருந்தால் துடைத்து, நன்றாகக் காயவிடு.
• தினமும் கொஞ்ச நேரம் ஓடவிடு. அந்தச் சூட்டிலேயே உள் ஈரம் காயும்.
• திரைமேல் தண்ணீரோ கிளீனரோ தெளிக்கவே தெளிக்காதே. வழிந்து கீழ் ஓரத்தில் இறங்கும். பல டிவிகளில் மெல்லிய இணைப்புகள் அங்கேதான். துணியை லேசாக நனைத்துத் துடை.

4. உத்தரத்துக்குப் பக்கத்தில் மாட்டாதே. பல திரைகளில் கீழிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். இந்தக் குறையைக் குறைக்கும் படலங்களில் தட்டு வடிவ மூலக்கூறுகளைப் பயன்படுத்துகிறார்கள். அப்படிப்பட்ட மூலக்கூறுகளும் திரவப் படிகம் ஆகும் என்று 1977இல் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் கண்டறிந்தது எஸ். சந்திரசேகர் குழு. அவர் சர் சி.வி. ராமனின் சகோதரி மகன். நம் பிள்ளைகளுக்குச் சொல்லு.

5. காப்பி எடை போடும் தராசில் கறுப்பு எண் காட்டும் திரை என்றால், அதுவும் திரவப் படிகம்தான். காயப்போடும் களத்து வெயிலில் விட்டுவிடாதே. சூடு மிஞ்சினால் படிகத் தன்மை போய்த் திரையே கறுத்துவிடும். பயந்து தட்டாதே, நிழலில் ஆறவிடு, பெரும்பாலும் சரியாகிவிடும்.

6. கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி கேட்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கு, டிஷ் ஒயரையும் சேர்த்து.

7. சத்தம் வருகிறது, படம் இல்லையா? புதுசு வாங்க ஓடாதே. அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சாய்த்துத் திரையில் அடி. மங்கலாக உருவம் அசைந்தால் திரை நன்றாகவே இருக்கிறது. கோளாறு பின்விளக்குப் பக்கம். மெக்கானிக்கிடம் முதலில் அதைப் பார்க்கச் சொல்.