நண்பகலில் வந்தது கனவா?

சித்திரை மாதத்தில் ஒரு நாள், பிற்பகல் 2 மணிக்கு, ஓட்டப்பிடாரத்துப் பக்கம் ஏதாவது ஒரு கரிசல் கிராமத்துக்குள் நுழைந்து பாருங்கள். திண்ணையில் தாத்தா, வேப்பமர நிழலில் ஆடு, கல்லாப்பெட்டிமேல் தலை சாய்த்த கடைக்காரர் எல்லோரும் உறக்கத்தில் இருப்பார்கள். "உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு" என்பது பழமொழி. ஆனால் சோற்றின்மேல் மட்டும் பழி போட முடியாது. நம் உடலின் உட்கடிகாரமே பிற்பகலில் ஒரு முறை விழிப்பைத் தளர்த்துகிறது. சாப்பிடாதவருக்கும் கண் செருகும்.

இந்த உறக்கத்தை வைத்தே ஒரு படம் எடுத்தார்கள். லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கத்தில் மம்மூட்டி நடித்த 'நண்பகல் நேரத்து மயக்கம்' அது. 2023 ஜனவரியில் திரைக்கு வந்தது.

வேளாங்கண்ணி போய்விட்டுக் கேரளம் திரும்பும் நாடகக் குழு, பேருந்தில் உறங்குகிறது. குழுத் தலைவர் ஜேம்ஸ் திடீரென விழித்து, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்குகிறார். முன்பின் தெரியாத தமிழ்க் கிராமத்தில் ஒரு வீட்டுக்குள் போகிறார். கைலி கட்டிக்கொள்கிறார், மாட்டைக் கவனிக்கிறார், தமிழில் சரளமாகப் பேசுகிறார். அது இரண்டு ஆண்டுகளுக்கு முன் காணாமல் போன சுந்தரத்தின் வீடு! தானே சுந்தரம் என்கிறார். மறுநாள் பகலில் உறங்கி எழுந்ததும் பழைய ஜேம்ஸ் ஆகிவிடுகிறார். பேருந்து புறப்படுகிறது. விளக்கம் எதுவும் இல்லை.

"எல்லாம் ஜேம்ஸ் கண்ட கனவுதான்" என்று வகுப்பில் ஒருவர் சொல்வார். சான்று இருக்கிறதா? ஓரளவு இருக்கிறது. உறங்குபவரின் காதில் விழும் ஓசை கனவில் கலப்பதுண்டு. இந்தப் படம் நெடுகிலும் பழைய தமிழ்ப் படங்களின் பாட்டும் வசனமும் காற்றில் வந்துகொண்டே இருக்கின்றன. எதிர்ச்சான்றும் உண்டு. ஜேம்ஸ் இல்லாத இடங்களிலும் கதை நடக்கிறது. உடன் வந்தவர்கள் அவரைத் தேடுகிறார்கள், தவிக்கிறார்கள், அந்த ஊரிலேயே இரவைக் கழிக்கிறார்கள்.

"அவர்களும் கனவில் வருபவர்களே" என்று நண்பர் விடமாட்டார். இங்கேதான் கவனம் வேண்டும். எந்தக் காட்சியைக் காட்டினாலும் "அதுவும் கனவே" என்றால், அந்தக் கருத்தைப் பொய் என்று காட்ட வழியே இராது. அதனால் அது வலுவான கருத்து ஆகிவிடாது. எதைக் கண்டால் கைவிடலாம் என்று சொல்ல முடிகிற கருத்தையே அறிவியல் மதிக்கும் என்றார் கார்ல் பாப்பர்.

சரி, நோய் என்று கொள்வோமா? தன் பெயரையும் ஊரையும் மறந்து வேறிடம் போய்விடும் அரிய மனநிலை ஒன்றை மருத்துவர்கள் அறிவார்கள். வேற்று ஆளாகவே சில நாள் வாழ்ந்தவர்களும் உண்டு. ஆனால் இது பாதிக் கணக்கைத்தான் தீர்க்கிறது. ஜேம்ஸ் தன்னை மறந்ததற்குக் காரணம் கிடைக்கிறது. சுந்தரத்தின் வீட்டை அறிந்ததற்குக் கிடைக்கவில்லை. மறதி புது அறிவைத் தராது அல்லவா? சுந்தரத்தின் ஆவி புகுந்தது என்றால் கதைக் கணக்கு முழுவதும் நேராகிவிடும். உலகில் ஆவிக்குச் சான்று இல்லை என்பது வேறு விஷயம். கதைக்குள் பொருந்துவதும் உலகில் உண்மையாவதும் ஒன்றல்ல; வகுப்புச் சண்டைகளில் பாதி இவ்விரண்டையும் குழப்புவதால் வருபவை.

'இன்செப்ஷன்' (2010) படத்தின் கடைசியில் சுழலும் பம்பரம் விழுகிறதா என்று காட்டாமலே திரையை இருட்டாக்கினார்கள். அங்கே மறைக்கப்பட்டது ஒரு விடை. இந்தப் படத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. சுந்தரத்தின் மனைவி பூங்குழலி, கணவனைப்போலவே நடந்துகொள்ளும் அந்நியன் ஒருவனை ஒரு நாள் முழுதும் பார்த்து நிற்கிறாள். எல்லாம் கனவு என்றால் அவள் துயரமும் கனவாகிவிடும். அப்படி அதை அழித்துவிடப் படம் இடம் தருகிறதா? மறுமுறை பார்க்கும்போது, ஜேம்ஸ் இல்லாத காட்சிகளை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். விவாதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.