‘ராவிலே’ என்றால் காலையா, ராத்திரியா?

மட்டாஞ்சேரி ஜூ டவுன் பக்கம் தங்கியிருக்கும் தமிழர்கள் கவனிக்க: மலையாளத்தில் ‘ராவிலெ’ என்றால் காலை, நம் காதுக்கோ அது இரவு. மாத்திரை வேளை மாறிப்போக இந்த ஒரு சொல் போதும். ஆஸ்பத்திரியில் இத்தகைய பிழையைத் தடுக்கக் கைகொடுப்பவர் மருந்தாளுநர்.

• அட்டையிலேயே சூரியன், நிலா படம் போட்டு வேளையைக் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

• அட்மிட் ஆகும்போதே, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை ஒரு பையில் போட்டுக் காட்டுங்கள். டோலோ, கால்பால் இரண்டும் பாராசிட்டமால்தான். சேர்த்துச் சாப்பிட்டால் அளவு கூடிவிடும்.

• லேகியம், கஷாயத்தையும் மறைக்காதீர்கள். ஜூ டவுன் கடைகளில் வாங்கும் மஞ்சள் குழம்புக்குச் சரி. வார்ஃபரின் சாப்பிடுபவர் மஞ்சள் கேப்ஸ்யூலும் எடுத்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம்.

• மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருநாள் மட்டுமே. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கிழமையை எழுதி வாங்குங்கள்.

• டிஸ்சார்ஜ் அன்று, புரிந்துகொண்டதை மருந்தாளுநரிடமே திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள். விளக்கம் தருவது 2015ஆம் ஆண்டு பார்மசி பிராக்டிஸ் விதிமுறைகளின்படி அவர் பணி.

• பக்கவிளைவு தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் தெரிவிக்கலாம்.