சிரிக்க வைப்பவரா, கேள்விக்கு நிற்பவரா?

தொழில்நுட்ப மாநாடு நடத்துகிறவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வு எப்போதும் தலைவலிதான். காலை முழுக்க ஸ்லைடு பார்த்த கூட்டம் கைப்பேசிக்குள் தலையைக் கவிழ்த்துவிடும். துறைக்கு வெளியிலிருந்து சுவாரஸ்யமான ஒருவரைக் கூட்டிவரலாமே என்ற யோசனை அங்கேதான் பிறக்கிறது. மும்பையில் ஆளுக்கா பஞ்சம்? குளோபல் ஃபின்டெக் ஃபெஸ்ட் போன்ற பெருங்கூட்டங்கள் நடக்கும் பாந்த்ரா-குர்லா வளாகத்திலிருந்து மித்தி ஆற்றைத் தாண்டினால் தாராவி. வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டு சேர்க்கும் டப்பாவாலா, ராப் பாடகர், மேடை நகைச்சுவைக் கலைஞர், மாட்டுங்கா, செம்பூர் சபாக்களில் அரங்கு நிறைக்கும் பட்டிமன்றப் பேச்சாளர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட கண்டுபிடிப்பாளர் என்று பட்டியல் நீளும். இவர்களில் அதிகம் சிரிக்க வைப்பவர் யார் என்று பார்த்தே பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு: தான் செய்யும் வேலையைப் பிரித்துக் காட்டி, 'எப்படி?' என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் யார்?

சிரிப்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய சோதனை ஒன்று இருக்கிறது. 1970-இல் அமெரிக்காவில் ஒரு நடிகரை 'டாக்டர் ஃபாக்ஸ்' என்று அறிமுகப்படுத்தி, மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாடு என்ற தலைப்பில் மனநல மருத்துவர்கள் உள்ளிட்ட நிபுணர்கள் முன் பேச வைத்தார்கள். பேச்சில் சரக்கே இல்லை. முன்னுக்குப் பின் முரண், நகைச்சுவை, புதுச் சொற்கள், அவ்வளவுதான். கேட்டவர்கள் நல்ல மதிப்பெண் போட்டார்கள். 1973-இல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையைக் கல்வியாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். கேள்வி நேரம் வைத்தால் குட்டு உடைந்துவிடாதா என்று கேட்கலாம். அந்த நடிகர் கேள்விகளையும் இதே பாணியில் சமாளித்தார் என்பதுதான் வேடிக்கை. பொதுக் கருத்தைப் பற்றிக் கேட்டால் எந்த வாய்ச்சாலக்காரரும் தப்பித்துவிடுவார். கையால் செய்த ஒன்றைப் பற்றிக் கேட்டால் அது அவ்வளவு எளிதல்ல.

இந்த உரைகல்லில் டப்பாவாலா மேலே வருகிறார். கடைசி மைல் விநியோகம் பற்றி நாள் முழுக்கப் பேசும் கூட்டத்துக்கு ஒரு டப்பாவின் மூடி போதும். நடுவில் பெரிய எண், போய்ச் சேர வேண்டிய பகுதி. ஓரத்தில் கொண்டு சேர்க்கும் ஆளின் எண், கட்டடத்துக்கு எழுத்துக் குறி, மாடியின் எண். நிறமும் வடிவமும் புறப்பட்ட ரயில் நிலையத்தைச் சொல்லும். வாடிக்கையாளரின் பெயரோ முகவரியோ இல்லை. அது ஆளின் நினைவில் இருக்கிறது. எதைக் குறியீட்டில் வைப்பது, எதை மனிதரிடம் விடுவது என்ற கேள்வி எந்தப் பொறியாளரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். 2010-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி இதை ஒரு பாடமாகவே எழுதியது.

ஆனால் டப்பாவாலா உரையில் ஒரு பள்ளமும் உண்டு. 'ஃபோர்ப்ஸ் இவர்களுக்கு சிக்ஸ் சிக்மா சான்று (பிழை மிக அரிது என்ற தரக்குறி) கொடுத்தது' என்ற வரி மேடைக்கு மேடை கைதட்டல் வாங்குகிறது. 1998-இல் ஃபோர்ப்ஸில் டப்பாவாலாக்களைப் பற்றிக் கட்டுரை எழுதியவரே, பத்திரிகை எந்தச் சான்றும் தரவில்லை, அந்தச் சொல்லைத் தான் பயன்படுத்தவே இல்லை என்று பின்னர் விளக்கினார். டப்பா எப்போதாவது தொலைவதுண்டா என்று சங்கத் தலைவரிடம் அவர் கேட்டார். வாய்மொழியாக வந்த அந்தப் பதிலிலிருந்து கிளம்பியதுதான் இவ்வளவும். ஆகவே இவர்களுக்காக மேடையேறித் தொழில்முறையாகப் பேசிவரும் பிரமுகரைவிட, அன்றாடம் டப்பா தூக்கும் குழுவின் முக்காதம், அதாவது குழுத் தலைவர், மேல். டப்பா மாறிப்போனால் என்ன செய்வீர்கள், கொரோனாவில் அலுவலகங்கள் மூடியபோது எத்தனை பேர் வேறு வேலைக்குப் போனார்கள் என்று அவரிடம் கேட்க முடியும்.

மலிவு விலை சானிட்டரி நாப்கின் இயந்திரத்தை உருவாக்கிய கோவை அருணாசலம் முருகானந்தம் இதே வகை. சிரிப்பும் கூடவே வரும். கால்பந்தின் பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி நாப்கினைச் சோதித்த கதையைச் சொல்லும்போது அரங்கு அதிரும். கதைக்கு அடியில் அசல் பொறியியல் இருக்கிறது: பெரிய கம்பெனிகள் பயன்படுத்துவது பஞ்சல்ல, மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஆண்டுகள் பிடித்தன. கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டுக் குப்பையிலிருந்து பொம்மை செய்யும் அரவிந்த் குப்தா இன்னும் ஒரு படி மேல். உறிஞ்சு குழலின் நுனியைத் தட்டையாக்கிக் கூர்மையாக வெட்டி ஊதுவார். ஊதிக்கொண்டே குழலைக் கத்தரிக்க, சுருதி ஏறிக்கொண்டே போகும். உட்கார்ந்த இடத்திலேயே யாரும் செய்து பார்க்கலாம்.

மேடை நகைச்சுவைக் கலைஞரை விலக்க வேண்டியதில்லை. மாலை விருந்துக்கு வைத்துக்கொள்ளலாம். அலெக்சாண்டர் பாபு போல மென்பொருள் வேலை பார்த்துவிட்டு வந்தவர் என்றால் கூட்டத்தின் வலி அவருக்குத் தெரியும். முன்பின் தெரியாதவரிடம் மைக்கைக் கொடுப்பது ஆபத்து. 2012-இல் கோபன்ஹேகனில் டெல் நடத்திய கூட்டத்தில் தொகுப்பாளர் பெண்களை இழிவாகப் பேசி, நிறுவனம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. பட்டிமன்றப் பேச்சாளர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 'தொழில்நுட்பம் வரமா சாபமா' என்று தலைப்புக் கொடுத்தால் கிடைப்பது டாக்டர் ஃபாக்ஸின் தமிழ்ப் பதிப்புதான்.

களைத்துப்போன கூட்டத்துக்கு இவ்வளவு கனம் எதற்கு என்பார்கள். கத்தரிக்கக் கத்தரிக்கச் சுருதி ஏறும் குழல் கனமானதா என்ன? இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: தாராவிக்காரரை மேடையேற்றுவது அவரைக் காட்சிப்பொருள் ஆக்குவதாகாதா? ஆகும், அவருடைய வறுமையைப் பேசச் சொன்னால். 'காலா' படத்தில் பங்களித்த தாராவி ராப் குழுவான டோப்படெலிக்ஸை அழைத்துச் சேரி வாழ்க்கை எப்படி என்று கேட்பது அவமதிப்பு. தமிழும் இந்தியும் கலந்த பாட்டை எப்படிக் கட்டுகிறார்கள், எங்கே பதிவு செய்கிறார்கள் என்று கேட்டால், அது சக தொழிலாளியிடம் பேசுவது.

மொழியும் தடையில்லை. முக்காதம் மராத்தியிலேயே பேசட்டும். பக்கத்தில் மொழிபெயர்க்க நிற்பவர் தொகுப்பாளராக இல்லாமல் பொறியாளராக இருக்கட்டும், பாதி நேரம் கேள்விக்கு இருக்கட்டும். பொன்னாடை மட்டும் போதாது, துறைப் பேச்சாளருக்குத் தரும் அதே சன்மானத்தைத் தர வேண்டும். ஒன்று மட்டும் கவனம்: வாரநாளில் காலை பதினொரு மணி அமர்வுக்கு அவர் பெயரைப் போட்டுவிடாதீர்கள். அந்த நேரத்தில் அவர் டப்பாக்களோடு லோக்கல் ரயிலில் இருப்பார்.