வைத்தியப் படிப்புக்கு மனுச் செய்யும் பிள்ளைகள்



"மார்க்கு நடுத்தரம், இனி டாக்டர் படிப்பு ஏது?" என்று நம்மில் பலர் பிள்ளைகளைக் கடையில் உட்கார வைத்துவிடுகிறோம். வேறு சிலர் ஏஜெண்டு சொல்லை நம்பிக் கடையையே அடகு வைக்கிறோம். இரண்டும் நஷ்டமே.

முதலில் அளவு தெரிய வேண்டும். மலேசிய மருத்துவ மன்றம் வகுத்த தகுதிப்படி, எஸ்.டி.பி.எம்.மில் உயிரியல், இரசாயனம் இரண்டிலும், பௌதிகம் அல்லது கணிதத்திலும் 'பி' உள்ளவர் மனுச் செய்யலாம்; எஸ்.பி.எம்.மிலும் உரிய பாடங்களில் 'பி' வேண்டும். 2012 முதல் எஸ்.டி.பி.எம். மூன்று தவணை, மார்க்கு குறைந்த தவணையைத் திரும்ப எழுதலாம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் போட்டி கடுமை. 2001-ல் தொடங்கி இன்று நம் பீடோங்கில் நடக்கும் எய்ம்ஸ்ட் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களையும் விசாரியுங்கள். வெளிநாடானால், அந்தப் பட்டத்தை மன்றம் ஏற்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

அனுபவம் குறைவா? செம்பிறைச் சங்கத்தில் முதலுதவி பழகட்டும். தோட்டத்து முதியவர் அரசாங்கக் கிளினிக்குக்குப் போகையில் உடன் சென்று, அவர் தமிழில் சொல்லும் நோவை மலாயில் எடுத்துச் சொல்லட்டும். கண்டதை அன்றே நோட்டில் எழுதி வைக்கட்டும். நேர்முகத்தில் அதுவே கைகொடுக்கும்.

சரக்கின் குறையை மறைத்து விற்பது கூடாது என்று மதரஸாவில் ஓதினோம். மனுவும் அப்படியே. மார்க்கு குறைந்ததை ஒளிக்காமல், அதற்குப் பின் தான் எப்படி உழைத்தோம் என்பதைப் பிள்ளை சொல்லட்டும். செய்யாத தொண்டுக்குச் சான்றிதழ் வாங்கித் தராதீர்கள். நாளை நோயாளியின் உயிர் அந்தக் கையில்தான்.

முயற்சி நம்முடையது, முடிவு அல்லாஹ்வுடையது. வஸ்ஸலாம்.