கூடை விற்ற பணத்துக்கு வரி உண்டா?

கேள்வி: விழுப்புரத்தில் தனியார் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மாதச் சம்பளம் 40,000 ரூபாய். பொழுதுபோக்காக வயர் கூடை பின்ன ஆரம்பித்தேன். இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்து ஆர்டர் வருகிறது. 2025-26 நிதியாண்டில் 3,60,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறேன். வயர், கைப்பிடி, கூட உட்கார்ந்து பின்னும் பக்கத்து வீட்டு அக்காவின் கூலி என 2,10,000 ரூபாய் செலவு. பணம் கணவரின் ஜிபே எண்ணுக்கு வருகிறது. புதுச்சேரிக்கும் பெங்களூருக்கும் கூரியரில் அனுப்புகிறேன். "பொழுதுபோக்குக்கு வரி கிடையாது" என்கிறார்கள் சக ஆசிரியைகள். "ஜிஎஸ்டி எடுக்காவிட்டால் மாட்டிக்கொள்வாய்" என்கிறார் அண்ணன். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சக ஆசிரியைகள் சொல்வது தவறு. ஆனாலும் உங்களுக்கு வருமான வரி வராது. நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது அண்ணன் சொன்ன விஷயத்துக்குத்தான்.

வருமான வரிச் சட்டத்தில் பொழுதுபோக்கு வருமானம் என்று தனி இனம் இல்லை. பழைய கூடையை ஒருமுறை விற்பது வேறு. ஆர்டர் எடுத்து, ஆள் வைத்து, மாதா மாதம் விற்றால் அது வியாபார வருமானம். மாலையில் டிவி பார்த்துக்கொண்டே பின்னினாலும் அப்படித்தான்.

கணக்கைப் பார்ப்போம். ஆண்டுச் சம்பளம் 4,80,000. புதிய வரி முறையில் நிலைக்கழிவு 75,000 போக 4,05,000. கூடையில் உங்கள் லாபம் 1,50,000. மொத்தம் 5,55,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. மிச்சம் 1,55,000-க்கு 5 சதவீதம், அதாவது 7,750 ரூபாய். மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் பிரிவு 87ஏ தள்ளுபடியில் அதுவும் முழுதாகக் கழிந்துவிடும்.

வரி இல்லை என்பதால் ரிட்டர்ன் வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். வருமானம் 4 லட்சத்தைத் தாண்டியதால் தாக்கல் செய்தே ஆக வேண்டும். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 உங்களுக்குப் பொருந்தாது. வியாபார வருமானம் சேர்ந்துவிட்டதால் ஐடிஆர்-4, அதாவது 'சுகம்' படிவம்.

இதில் 44ஏடி என்ற உத்தேச வருமான முறை உண்டு. கணக்குப் புத்தகங்கள் வேண்டாம். ஜிபே போல வங்கி வழியே வந்த விற்பனையில் குறைந்தது 6 சதவீதமும், ரொக்க விற்பனையில் 8 சதவீதமும் லாபமாகக் காட்ட வேண்டும். உங்கள் விற்பனைக்கு 6 சதவீதம் 21,600 ரூபாய்தான். "அதை மட்டும் காட்டுங்கள்" என்று யாராவது சொல்வார்கள். அது குறைந்தபட்ச அளவு. கையில் 1,50,000 நின்றது உங்களுக்கே தெரிகிறது, அதையே காட்டுங்கள். வரி எப்படியும் பூஜ்யம். நாளை முத்ரா கடனுக்குப் போனால் வங்கி கேட்பது இந்த ரிட்டர்னைத்தான். (2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. 2025-26 ரிட்டர்னுக்குப் பழைய எண்களே.)

செலவில் ஒன்றைக் கவனியுங்கள். அக்காவுக்குக் கொடுக்கும் கூலி செலவு. நீங்கள் கண்விழித்துப் பின்னும் சிவன் கண் கூடைக்கு உங்களுக்கு நீங்களே கூலி போட்டுக் கழிக்க முடியாது. அந்த உழைப்புதான் உங்கள் லாபம்.

கணவரின் ஜிபேயை இன்றே நிறுத்துங்கள். உழைப்பும் வருமானமும் உங்களுடையது. பணம் அவர் கணக்கில் இறங்கினால், நாளை ஒரு விளக்கம் கேட்கப்படும்போது பதில் சொல்ல வேண்டியவர் அவர். உங்கள் பெயரில் தனியாக ஒரு வங்கிக் கணக்கும் க்யூஆர் அட்டையும் போதும்.

இனி ஜிஎஸ்டி. தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. திருச்சிக்கும் திருநெல்வேலிக்கும் தாராளமாக அனுப்பலாம். சிக்கல் புதுச்சேரியில். உங்களுக்கு அது பக்கத்து ஊர், பஸ் ஏறினால் போய்விடலாம். ஜிஎஸ்டிக்கு அது தனி யூனியன் பிரதேசம். மாநில எல்லை தாண்டிப் பொருள் விற்றால், ஒரே ஒரு கூடையானாலும், பொதுவிதிப்படி பதிவு கட்டாயம். 40 லட்ச வரம்பு அங்கே உதவாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பெரும்பாலும் கையாலேயே செய்த, அரசு அறிவிக்கையின் பட்டியலில் உள்ள கைவினைப் பொருள் என்றால், 20 லட்சம் வரை பதிவின்றி வெளி மாநிலத்துக்கு விற்கலாம். பான் எண் இருக்க வேண்டும். சரக்கின் மதிப்பு எவ்வளவு குறைவானாலும் இ-வே பில் போட வேண்டும். பிளாஸ்டிக் வயர் கூடை எந்த எச்எஸ்என் எண்ணில் வருகிறது, அந்த எண் பட்டியலில் இருக்கிறதா என்பதை ஜிஎஸ்டி ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதுவரை வெளி மாநில ஆர்டர்களை நிறுத்தி வைப்பது நல்லது.

அவசரப்பட்டுப் பதிவும் எடுக்க வேண்டாம். எடுத்துவிட்டால் விழுப்புரத்தில் விற்கும் கூடைக்கும் வரி வசூலிக்க வேண்டும். விற்பனையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும். வெளி மாநில ஆர்டர்களில் எவ்வளவு லாபம் வருகிறது என்று முதலில் பாருங்கள். அது இந்த வேலைக்கும் செலவுக்கும் கட்டுப்படியானால் பதிவு எடுங்கள். இல்லையென்றால் தமிழ்நாட்டு ஆர்டர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பள்ளி தந்த பணி நியமன ஆணையை எடுத்துப் படியுங்கள். வேறு தொழில் செய்யக்கூடாது என்று அதில் இருந்தால், நிர்வாகத்திடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிய பிறகே மேற்கொண்டு ஆர்டர் எடுங்கள்.