குகைக்குள் கூட்டமாகப் போகிறீர்களா?

குயிலாப்பாளையத்திலிருந்து வேன் பிடித்து ஆந்திராவின் பெலும் குகைக்குப் போகும் பிள்ளைகளே, அது 3 கிலோமீட்டருக்கு மேல் நீளும் குகை. விளக்குப் போட்ட பாதையை விட்டு விலகாதீர்கள். வழி கிளை பிரியும் இடத்தில் ஒருமுறை திரும்பி நின்று, வந்த வழியைப் பாருங்கள். போகும்போது தெரிந்த பாறை திரும்பும்போது வேறு மாதிரி இருக்கும்.

தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 2018 ஜூன் 23 அன்று 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் மழை வெள்ளத்தில் சிக்கினார்கள். அவர்கள் உள்ளே இருப்பதற்குத் துப்பு கொடுத்தவை வாசலில் கிடந்த சைக்கிள்கள். அதனால் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மழைக்காலத்தில் குகைப் பயணமே வேண்டாம்.

வழி தவறினால் பிரியக் கூடாது. "நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்று ஒருவன் கிளம்புவதுதான் பெரிய ஆபத்து, விடாதீர்கள். உட்கார்ந்து தலையை எண்ணுங்கள். ஒரு டார்ச் மட்டும் எரியட்டும். ஈரச்சட்டையைப் பிழிந்து போட்டு, ஒட்டி உட்காருங்கள், சூடு தங்கும். தாம் லுவாங்கில் சிக்கிய பிள்ளைகள் பாறையில் சொட்டிய நீரைக் குடித்தே தாங்கினார்கள். ஜூலை 2 அன்று முக்குளிப்பவர்கள் கண்டபோது 13 பேரும் ஒரே திட்டில் இருந்தார்கள். ஜூலை 10க்குள் அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள்.